மூன்றாந்தரம் கேட்கும்வரை

ஓக்லண்டில் நான் குடியிருந்த வீடுகளைச் சொல் என்றால் எனக்குக் குழப்பம் வரும். உண்மையாகவே பெட்டியை இறக்கி இருந்தவை நான்கு. பார்க்கப் போன இடத்தில் கால் மணி நேரம் மட்டும் குடியிருந்தவை முப்பதுக்குக் குறையாது. அந்த முப்பதும்தான் இப்போதும் கனவில் வருகின்றன. சொந்தமாக வாங்கிய வீடு ஒருநாளும் வருவதில்லை.

எண்பதுகளின் பின்பாதி. நகரத்திலிருந்த சமூகக் கல்லூரியில் ஒரு வருடப் படிப்புக்கு இடம் கிடைத்து வந்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் படவரைஞனாக இருந்தவன் நான். வாய்க்கால், மதகு, குளக்கட்டு என்று தண்ணீர் போகிற வழியெல்லாம் வரைந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை இந்த நாட்டுத் தாள் ஒன்றில் எழுதி வாங்கினால்தான் செல்லும் என்றார்கள். அந்தத் தாளுக்காகத்தான் படிப்பு.

மனைவியும் மூன்று வயது மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். ஊருக்குத் திரும்பிப் போக வழியில்லை. அறையும் ஆவணி மாதம் வரைக்கும்தான் என்று லொட்ஜ்காரர் சொல்லிவிட்டார். குடிவரவு அலுவலகத்தில் இருந்த பெண்மணி எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார்: ஒரு வேலைக் கடிதம் வேண்டும், மூன்று பேர் இருக்கக்கூடிய ஒரு வீட்டின் விலாசம் வேண்டும். இரண்டும் இருந்தால் அவர்களைக் கூப்பிடும் விண்ணப்பத்தைக் கையில் எடுப்பார்கள். இல்லாவிட்டால் இல்லை. நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். பூமியின் தென்பாதியில் எல்லாம் தலைகீழ்: சித்திரை மாதத்தில் மரங்கள் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து வந்தது. அந்த நாட்களில் எனக்கு எல்லாமே கொஞ்சம் தூக்கத்தில் நடப்பதாகத்தான் இருந்தது.

ஹில்ஸ்பரோவில் எங்களூர்க் குடும்பமொன்று தங்கள் முன்னறையை எனக்கு விட்டுத் தந்திருந்தது. காலையில் அவர்களுடைய பிள்ளைகள் தொலைக்காட்சி பார்க்க வருமுன் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு பஸ் ஏறுவேன். பஸ் மேட்டில் ஏறும்போது இடைவெளியில் மனுக்காவ் கடல் தெரியும், இறங்கும்போது மறையும். மழையும் வெயிலும் ஒன்றாக விழும். கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, தெருவோரத்து மரவீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவேன். புகைபோக்கி இருந்த வீடு, படிக்கட்டில் பூனை இருந்த வீடு, கொடியில் சின்னப் பாவாடை காய்ந்த வீடு. எல்லாவற்றிலும் என் மகள் ஓடினாள்.

வீடு பார்க்கப் போகிற இடத்திலும் இதே வியாதிதான். வீட்டுக்காரர் முன்னால் நடந்து, குழாயைத் திறந்து காட்டுவார், அலுமாரிக் கதவை இழுத்துக் காட்டுவார். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் குடிவந்துவிடுவேன். குசினி மூலையில் அரிசி வாளி. அடுப்புக்கு எதிர்ச்சுவரில் சாமிப்படம். வெயில் விழும் பக்கம் மகளின் கட்டில். மனைவி யன்னலடியில் நின்று தலை துவட்டுவாள், ஈரக்கூந்தல் வாசம் அந்த அறையில் இருக்கும். கேற்றைச் சாத்திக்கொண்டு வெளியே வரும்போது அங்கே நாங்கள் ஒரு வருடம் வாழ்ந்து முடித்த களைப்பு எனக்கிருக்கும். கேட்ட விபரம் ஒன்றும் நினைவிருக்காது.

கல்லூரியின் கீழ்த்தள நடையில் ஒரு பெரிய அறிவித்தல் பலகை இருந்தது. அறை, வேலை, பழைய சைக்கிள், பூனைக்குட்டி எல்லாம் அதில்தான். ஒவ்வொரு தாளின் அடியையும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தொலைபேசி எண்ணை எழுதியிருப்பார்கள். வேண்டியவர்கள் ஒன்றைக் கிழித்துக்கொண்டு போகலாம். எனக்கு அது மற்றவனுடைய கடிதத்தைக் கிழிக்கிற காரியமாகப் பட்டது. அதனால் முன்னால் நின்று, எண்களைத் தமிழில் முணுமுணுத்துக்கொண்டே கொப்பியில் எழுதுவேன். ஒருநாள் பின்னாலிருந்து ஒரு குரல், கிழிச்சுக்குங்க அண்ணே, அதுக்குத்தான் வெட்டி வச்சிருக்காங்க என்றது. திரும்பிப் பார்த்தால், ஈர ஏப்ரனோடு ஒரு பெண்.

மலேசியாவிலிருந்து கணக்கியல் படிக்க வந்தவள். மத்தியானத்தில் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் தட்டுக் கழுவினாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னைவிட இரண்டு மடங்கு வாய். நான் ஓம் என்பேன், அவள் ஆமா என்பாள். நான் கதைப்போம் என்பேன், அவள் பேசலாம் என்பாள். ஆளையாள் கேலி செய்வதற்கு இதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது. மீந்த பொரியலை ஒரு தட்டில் போட்டு நீட்டி, சாப்பிடுறீங்களா என்று கேட்பாள். வேண்டாம் என்பேன். மறுபடி நீட்டுவாள். மூன்றாவது முறை கையில் திணித்துவிட்டுப் போய்விடுவாள். அவளுடைய இந்தக் குணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மரியாதை தெரிந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

இதை இங்கே சொல்லத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், முதல் தரம் கேட்கும்போது எதையும் வேண்டாம் என்பதுதான் அழகு. இரண்டாம் தரம், ஏன் உங்களுக்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் அவர்கள் கேட்பதில்லை, தேத்தண்ணி வந்துவிடும். ஓம் என்று உடனே சொல்கிறவனை, பாவம், பட்டினி கிடந்து வந்திருக்கிறான் என்று பார்ப்பார்கள். நான் இந்த ஒழுங்கில் கெட்டிக்காரன். எங்கள் வீட்டில் என்னைக் காட்டித்தான் மற்றப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

கல்லூரிக்கு அருகே முதலில் பார்த்தது மாணவர்கள் நால்வர் சேர்ந்திருந்த ஒரு வீடு. என்ன சமைப்பாய், புகைப்பாயா, பூனை பிடிக்குமா என்று நால்வரும் சுற்றியிருந்து கேட்டார்கள். தொட்டியில் மூன்று நாள் தட்டுக் கிடந்தது. அதற்கு நடுவிலும் நான் அரிசி வாளிக்கு இடம் பார்த்துவிட்டேன். நாங்கள் மூன்று பேர் என்றதும் அந்தப் பிள்ளைகள் உண்மையாகவே வருத்தப்பட்டு, கையில் பிஸ்கட்டோடு என்னை வழியனுப்பினார்கள்.

அடுத்த வாரம் பலகையில் ஒனிஹங்காவில் ஒரு படவரைஞர் வேலையைப் பார்த்தேன். களஞ்சியக் கொட்டகைகளும் தண்ணீர்த் தாங்கிகளும் வரைகிற சின்ன அலுவலகம். முதலாளி குளிரிலும் அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். என் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி வேலை உனக்குத் தெரியுமா என்று கேட்டார். கொஞ்சம் தெரியும் என்றேன். ஒன்பது வருடம் செய்தவன் வேறென்ன சொல்வான்? முழுக்கத் தெரியும் என்று சொல்பவனை எங்கள் ஊரில் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். இந்தக் குளக்கட்டை நீயா வரைந்தாய் என்றார். எல்லோரும் சேர்ந்துதான் என்றேன். முழுக்க நான்தான் வரைந்தேன், இரண்டு மாதம் கண் வீங்கிக் கிடந்தேன். கடைசியில், இந்த வேலை உனக்கு வேண்டுமா என்று கேட்டார். உங்களுக்குச் சிரமமில்லை என்றால் பார்க்கலாம் என்று பணிவாகச் சொன்னேன். அவர் தன் பென்சிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அன்பாகக் கை கொடுத்தார். வேலை கிடைத்துவிட்டது என்று எனக்கு அந்தக் கையிலேயே தெரிந்துவிட்டது.

அன்றைக்கே இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு வாடகைக்கு இருந்தது. டெய்ரி என்கிற மூலைக்கடையின் கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா தோட்டத்திலிருந்து சேற்றுச் சப்பாத்தோடு வந்து என்னை உள்ளே கூப்பிட்டார். தேத்தண்ணி குடிக்கிறாயா என்றார். காலையிலிருந்து நான் ஒன்றும் குடித்திருக்கவில்லை. வேண்டாம், நன்றி என்றேன். சரி என்று சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு, என் முன்னால் இருந்து நிதானமாகக் குடித்தார். என் வாழ்நாளில் அப்படியொரு காட்சியைக் கண்டதில்லை. நல்ல மனுஷி, வளர்ப்புத்தான் சரியில்லை என்று மனதுக்குள் தீர்ப்புச் சொன்னேன்.

வீடு அவருடைய வீட்டுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு அறை, ஒரு குசினி, வாசலில் மஞ்சள் எலுமிச்சையாய்க் காய்த்த தேசிமரம். பின்யன்னலைத் திறந்தால் மனுக்காவ். கடல் வற்றிப்போய், சேறு வெள்ளித் தகடாகக் கிடந்தது. வானம் அதற்குள் இறங்கியிருந்தது. அந்த யன்னலடியில் நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மகள் பலகைத் தரையில் வெறுங்காலோடு ஓடுகிற சத்தம் கேட்டது. மனைவி தேசிக்காயை மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். சாமிப்படத்துக்கு ஆணி ஏற்கெனவே அடித்திருந்தது. முப்பது வீடுகளில் இதற்குத்தான் நாங்கள் வந்தோம் என்று தோன்றியது. எனக்கு அழுகை வரப் பார்த்தது.

என்ன, வேண்டுமா என்று அந்த அம்மா வாசலில் நின்று கேட்டார். அவசரமில்லை, மற்ற ஆட்களும் வந்து பார்க்கட்டும், நீங்கள் யோசித்துச் செய்யுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் ஆச்சரியத்தோடு பார்த்துவிட்டு, அதுவும் நியாயம்தான் என்றார். நான் கேற்றுவரை நடந்து, அவர் மறுபடி கூப்பிடட்டும் என்று தாழ்ப்பாளோடு கொஞ்சம் மினைக்கெட்டேன். அவர் கையசைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். பரவாயில்லை, நாளைக்குக் கூப்பிடுவார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு நாட்களும் என் ஓக்லண்ட் வாழ்க்கையிலேயே சந்தோஷமானவை. இரண்டும் கைக்குள் வந்துவிட்டன, சொல்லி அனுப்புவதுதான் பாக்கி. வகுப்பில் கோடு போடவேண்டிய தாளில் அந்தக் குசினியை அளவுப்படி வரைந்தேன். மகளுடைய கட்டிலின் நீளத்தையும் குறித்தேன். ஒரு பின்னேரம் பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி ஒனிஹங்கா வரை போய், அந்த வீட்டைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தேன். வானம் செம்மையாக இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. எங்களுக்காகத் துப்புரவு செய்கிறார் என்று மனம் நெகிழ்ந்தேன்.

பன்னிரண்டாம் நாள், கூப்பிடாத காரணத்தை அறியலாமென்று நானே தொலைபேசியில் கேட்டேன். நான் பார்த்த மறுநாளே ஒரு சோடி வந்து எடுத்துவிட்டதாம். உனக்கு வேண்டாமென்று நினைத்தேன் என்று அந்த அம்மா அன்பாகவே சொன்னார். அடுத்ததாக அலுவலகத்துக்கு எடுத்தேன். அங்கேயும் ஆள் சேர்ந்து ஒரு கிழமை. வேலையில் ஆர்வமும் அனுபவமும் உள்ள ஒருவர் கிடைத்தாராம்.

சிற்றுண்டிச்சாலையில் போய் உட்கார்ந்தேன். மலேசியப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏப்ரனைக் கழற்றி வைத்து முன்னால் வந்து உட்கார்ந்தாள். இந்த ஊரில் மனிதர்களுக்குச் சொல் சுத்தமில்லை என்று நான் பொரிந்து தள்ளினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னாண்ணே நீங்க. அவங்க வேணுமான்னு கேட்டாங்க, நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்க. இங்க ஒரு தடவதான் கேப்பாங்க."

அது வேண்டாம் இல்லை, மரியாதை என்றேன்.

"எங்கம்மாவும் அப்படித்தான், மூணு தடவ கேட்டாத்தான் கைய நனைப்பாங்க. அதெல்லாம் நமக்குள்ள அண்ணே. வேணும்னா வேணும்னு சொல்லுங்க. அக்காவும் புள்ளையும் அங்க காத்துக்கிட்டு இருக்காங்கல்ல."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கேட்டு வாங்குகிறவன் நானில்லை என்று எழுந்து வந்துவிட்டேன். மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. பொரியலும் இல்லை, கேலியும் இல்லை. பஸ்ஸில் வீடுகளைப் பார்த்தால் எதற்குள்ளும் போக முடியவில்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. கனவு வராத அந்த மூன்று நாளில்தான் கலண்டரைச் சரியாகப் பார்த்தேன். ஆனி பிறந்து பாதி போயிருந்தது.

நான்காம் நாள் ஒனிஹங்காவுக்கு பஸ் ஏறினேன். வழி முழுக்க, தெரியும், வேண்டும் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் மந்திரமாக வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனேன். முதலாளி என்னைக் கண்டதும் குழம்பினார். நின்றபடியே சொன்னேன்: குளக்கட்டை நான்தான் வரைந்தேன், தனியாக. இந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும். அன்று தெரியாது என்ற மாதிரிச் சொன்னது எங்கள் பழக்கம். சொல்லி முடிக்கும்போது காது சுட்டது. என் பெற்றோர் கேட்டிருந்தால் வெட்கத்தில் தலை குனிந்திருப்பார்கள். அவரோ மிகவும் சாதாரணமாக, அந்த இடம் போய்விட்டது, வரைபடங்களைப் பிரதியெடுத்து அடுக்குகிற ஆள் ஒருவர் தேவை, படம் வரைகிற இடம் பிறகு வரலாம், வேண்டுமா என்றார். அவர் கேள்வியை முடிக்குமுன் வேண்டும் என்றேன். கடிதத்தையும் அப்போதே கேட்டு வாங்கினேன்.

மறுநாள் அறிவித்தல் பலகையில் ஒரு துண்டைக் கிழித்தேன். கல்லூரிக்குப் பின்னால் இறங்குகிற சரிவில் ஒரு பழைய மரவீட்டின் கீழ்ப்பாகம். அதற்குக் கீழே பள்ளத்தில் மோட்டார்வே ஓடியது. சுவரில் ஈரம் பூத்திருந்தது. வீட்டுக்காரர் முன்கதவைத் திறந்துவிட்டு, பார்த்துவிட்டு வேண்டுமா என்று சொல் என்றார். வேண்டும் என்றேன். இன்னும் பின்னறையைப் பார்க்கவில்லையே என்று அவர் சிரித்தார். அந்த வீட்டில் நான் ஒரு நிமிடம்கூடக் கனவு காணவில்லை. அரிசி வாளியை எங்கே வைப்பதென்று யோசிக்கவும் இல்லை. சாவியைக் கையில் வாங்கியபோதுதான், வாகனங்களின் இரைச்சல் தூரத்துக் கடலாகக் கேட்பதைக் கவனித்தேன். அங்கிருந்து கல்லூரிக்கு ஏழு நிமிட நடை.

சிற்றுண்டிச்சாலைக்குப் போய்ச் செய்தியைச் சொன்னேன். அவள் ஒரு தட்டைப் போட்டுக்கொண்டு வந்து, சாப்பிடுறீங்களா என்றாள். ஓம் என்றேன். தட்டை மேசையில் வைத்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கு உடனே போன் போடுங்க என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கொழும்பில் காலை. ஹில்ஸ்பரோ வீட்டுக்காரர்கள் நான் தனியாகக் கதைக்கட்டும் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்கள். முன்னறையில் யன்னல் நிறைய வெயில். தொலைபேசி நிலையத்துப் பெண் இணைப்பை எடுத்துத் தந்தாள். லொட்ஜ்காரர் படியேறி மனைவியைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அந்த நாட்களில் கடல் கடந்து கதைத்தால் நாம் சொன்னது ஒரு கணம் கழித்து நமக்கே திரும்பி வரும். நான் வேலையைச் சொன்னேன், வீட்டைச் சொன்னேன். விண்ணப்பத்தை நாளைக்கே கொடுக்கலாம் என்றேன். என் குரலே ஒவ்வொன்றையும் எனக்குத் திருப்பிச் சொன்னது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்குதோ, கேட்குதோ என்று கத்தினேன். சந்தோஷப்படவேண்டிய நேரத்தில் இப்படி மௌனமாக நிற்கிறாளே என்று எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது.

"கேக்குது," என்றாள். "ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. நாங்கள் அங்க வாறது உங்களுக்கு விருப்பமோ?"

எனக்கு விளங்கவில்லை. இதென்ன கேள்வி என்றேன்.

"மூண்டு கடிதத்தில கேட்டிட்டன். ஒவ்வொரு முறையும், அவசரமில்லை, உமக்கு வசதியெண்டால் வாரும், சிரமப்பட வேண்டாம் எண்டுதான் எழுதுறியள். வேண்டாமெண்டால் சொல்லுங்கோ. நான் பிள்ளையோட இஞ்ச எப்பிடியும் சமாளிப்பன்."

கொழும்பிலிருந்து நான் புறப்பட்ட அன்று, ஏர்போர்ட்டுக்கு வரட்டோ என்று அவள் கேட்டதும், பிள்ளைக்கு அலைச்சல், வேண்டாம் என்று நான் சொன்னதும் அப்போது நினைவுக்கு வந்தன. இரண்டாம் தரமும் கேட்டாள், இரண்டாம் தரமும் அதையே சொன்னேன். பிறகு விமானத்தில், அவள் வந்திருக்கலாமே என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதவனும் நான்தான். இந்த நாட்டில் வீட்டுக்காரர்களிடமும் முதலாளியிடமும் வேண்டும் என்று சொல்லப் பழகிவிட்டேன். தாலி கட்டியவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும், நான் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். கடலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவள் முகத்தையும் பார்க்க முடியாதபோது அவளுக்கு எப்படித் தெரியும்?

"வாங்கோ," என்றேன். "நீரும் பிள்ளையும் எனக்கு வேணும். நீங்கள் இல்லாமல் எனக்கு இஞ்ச ஏலாது."

ஏலாது என்ற சொல் திரும்பி வந்து என் காதில் விழுந்தது. அந்தப் பக்கத்தில் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நேரம் முடியப்போகிறது என்று தொலைபேசி நிலையத்துப் பெண் குறுக்கே வந்து சொன்னாள்.

"கலியாணம் முடிச்சு அஞ்சு வருசம்," என்றாள் மனைவி. "நீங்கள் என்னட்ட ஒண்டு வேணுமெண்டு கேட்டது இண்டைக்குத்தான்."

பிறகு, "வாறம்," என்றாள்.